ஆஸ்பத்திரியில் 'சரி' சொல்வது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "மருத்துவத் துறையில் புதுமைகள் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றார். லேசர், ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று நாலு படம் போட்டுக் காட்டினால் கைதட்டல் கிடைக்கும், எனக்கும் அது சுலபம். ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரிகளின் பயோமெடிக்கல் பிரிவில் குப்பை கொட்டிக் கொண்டிருக்கிறவன் நான். நான் பார்த்த வரையில், ஒரு புதுக் கருவி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அதன் சர்க்யூட்டால் அல்ல. அந்த ஆஸ்பத்திரியின் ஆட்சிக் குழு உட்காரும் மேசையில்தான் அது தீர்மானமாகிறது. அதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "பேசு, ஆனா தூங்க வச்சுடாதே" என்று அனுமதி கொடுத்தார்.

ஆட்சிக் குழு என்றதும் கேன்டீன், சம்பளப் பட்டியல், பார்க்கிங் தகராறு என்று நினைத்து விடாதீர்கள். அது அன்றாட நிர்வாகம். நான் சொல்வது அதற்கு மேலே இருக்கிற விஷயம். எதற்கு யார் 'சரி' சொல்லலாம், சொன்னவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், முயற்சி தோற்றால் செலவு எந்தக் கணக்கில் போகும், ஆபத்து வந்தால் நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்ற ஏற்பாடு. இது எந்த ஆஸ்பத்திரியிலும் சுவரில் எழுதி மாட்டப்பட்டிருக்காது. ஆனால் ஒரு புதுப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள், ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

நான் அப்படிப் போயிருக்கிறேன். நம் கல்லூரியில் கருவியியல் படித்தவர்களுக்கு டிரிப் அலாரம் தெரியாமல் இருக்காது. வருடத்துக்கு இரண்டு பேட்சாவது இறுதியாண்டு புராஜெக்டாக அதைச் செய்கிறது. குளுக்கோஸ் பாட்டிலின் எடையை ஒரு லோட் செல் பார்த்துக்கொண்டே இருக்கும். தீரப் போகிற நேரத்தில் நர்ஸ் மேசையில் விளக்கு எரியும், மணி அடிக்கும். அவ்வளவுதான். நானும் இரண்டு நண்பர்களும் அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்து, ஒரு மாவட்டத் தலைநகரில் டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெயர் வேண்டாம். ஆண்கள் வார்டில் மூன்று வாரம் மாட்டி வைத்தோம். முப்பது படுக்கைக்கு ராத்திரியில் இரண்டே நர்ஸ். அவர்களுக்குப் பெட்டி பிடித்துவிட்டது. டாக்டர்களுக்கும் பிடித்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

பர்ச்சேஸ் கமிட்டி மூன்று கொட்டேஷன் கேட்டது. செய்வது நாங்கள் ஒருவர்தான், மற்ற இரண்டுக்கு எங்கே போவது? கணக்குப் பிரிவு, "இது கருவியா, தீர்ந்து போகிற சாமானா, எந்தத் தலைப்பில் எழுதுவது?" என்று கேட்டது. நோய்த்தொற்றுத் தடுப்புக் குழு, பெட்டியை எதை வைத்துத் துடைப்பது என்று எழுத்தில் கேட்டது. நியாயமான கேள்வி, பதில் கொடுத்தோம். மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் நல்ல மனிதர். "டிரஸ்ட் மீட்டிங்ல வைக்கிறேன்" என்றார். டிரஸ்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அந்த முறை புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட். அடுத்த முறை கேன்டீன் குத்தகை. அதற்கடுத்த முறை எங்கள் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதே கேள்வியாகி விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, யாருமே 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரணம் கேட்டுத் திருத்தியிருப்போம். 'சரி' என்று சொல்ல ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லை, தாமதப்படுத்த மட்டும் எல்லோருக்கும் அதிகாரம் இருந்தது. இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னவர் அந்த வார்டின் சிஸ்டர். "தம்பி, பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. ஒரு ராத்திரி அது கத்தாமப் போயி பேஷன்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் யாருக்கு எழுதணும்? யார் வந்து பாப்பாங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். எந்த ஆட்சிக் குழுவின் தலைவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருபத்தைந்து வருடம் வார்டில் நின்ற ஒரு அம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே வைத்துக் கொண்டு கட்டப்பட்ட ஒரு ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பொறியியல் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய இடம் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பெரிய கட்டடத்தைக் கேரள மக்களுக்காகக் கொடுத்தது. 1976-ல் அங்கே மருத்துவ மையம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான், இதய அறுவை நிபுணர். 2024 ஜூலையில்தான் காலமானார். அவர் முன்னால் நின்ற பிரச்சினை ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வலி என்று வந்து, போகும்போது இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகிற நோய். நெரிசலான வீடுகளில் வளரும் ஏழைப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். கெட்டுப் போன வால்வை மாற்ற அறுவை நிபுணர் தயார், நோயாளியும் தயார், ஆனால் வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்த விலை அந்த வீட்டுக்காரர்களால் கொடுக்க முடியாத விலை.

'நாமே செய்வோம்' என்று யாரும் சொல்லலாம். அதை எந்த அமைப்புக்குள் வைத்துச் செய்வது என்பதில்தான் இவர்கள் வித்தியாசப்பட்டார்கள். ஆஸ்பத்திரி ஒரு பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையில் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே இயக்குநர், ஒரே ஆட்சிக் குழு. 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. அப்போது இதை வைத்தது சுகாதார அமைச்சகத்தின் கீழே அல்ல, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழே. கேட்பதற்கு ஏதோ அலுவலக விவகாரம் மாதிரி இருக்கும். ஆனால் என் கணிப்பில் வால்வு பிறந்ததற்கு இது பெரிய காரணம். சுகாதாரத் துறை ஒரு ஆஸ்பத்திரியைப் பார்த்து, 'எத்தனை படுக்கை, எத்தனை ஆபரேஷன்?' என்று கேட்கும். அறிவியல் துறை, 'சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?' என்று கேட்கும். எந்தக் கேள்வியை வருடா வருடம் கேட்கிறார்களோ, அதற்குத்தான் நிறுவனம் வேலை செய்யும்.

வால்வு வேலை எழுபதுகளின் கடைசியில் தொடங்கியது. பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் முன்னின்ற குழு. வால்வு என்றால் ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு, சுற்றிலும் தையல் போடத் துணி விளிம்பு. படம் போட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் இதயம் நிமிடத்துக்கு 72 தடவை என்று வைத்துக் கொண்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் தடவை அது திறந்து மூட வேண்டும். பத்து வருடத்துக்கு 38 கோடி. தேயக் கூடாது, முறியக் கூடாது, அதன் மேல் ரத்தம் உறையக் கூடாது.

முதல் மூன்று வடிவங்களும் தேறவில்லை. ஒரு கட்டத்தில் வட்டுக்குச் செயற்கை நீலக்கல்லை, அதாவது ஒற்றைப் படிக சஃபயரை எடுத்தார்கள். அவ்வளவு கடினமான பொருள் தேயாது என்பது கணக்கு. தேய்வுக்குப் பதிலாக உடைந்தது. நான்காவது வடிவத்தில் வட்டு மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். பிளாஸ்டிக்தான், ஆனால் சாதாரண பிளாஸ்டிக் இல்லை. சட்டகம் கோபால்ட் கலந்த உலோகம், ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது, பற்றவைப்பே கிடையாது. பற்றவைப்பு ஏன் வேண்டாம் என்பதற்கு அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு பாடம் நடந்து கொண்டிருந்தது. பியோர்க்-ஷைலி என்ற வால்வின் ஒரு வகையில், பற்றவைத்த கம்பி முறிந்து நோயாளிகள் இறந்தார்கள். 1986-ல் அதை விற்பனையிலிருந்தே எடுக்க வேண்டி வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு சாதாரண ஆஸ்பத்திரியில் முதல் வடிவம் தோற்றவுடன் என்ன நடந்திருக்கும்? தணிக்கைக் குறிப்பு வந்திருக்கும். இரண்டாவது தோற்றதும் விசாரணை. மூன்றாவது உடைந்த பிறகு, 'டாக்டர், உங்களுக்கு ஆபரேஷன் தியேட்டர் போதாதா?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். இங்கே அப்படி நடக்காததற்குக் காரணம் வலியத்தானின் மன உறுதி மட்டும் இல்லை. மன உறுதி உள்ள டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தொழில்நுட்பத்தை வளர்ப்பதும் இந்த நிறுவனத்தின் வேலைதான் என்று ஏட்டில் எழுதியிருந்தது. அதனால் உடைந்த வட்டு வீண் செலவாகத் தெரியாமல் சோதனை முடிவாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஓ.பி. வரிசையின் நெருக்கடி எப்போதும் இருக்கும். தொழில்நுட்பப் பக்கத்துக்குத் தனியாகக் கட்டடம், தனியாக ஆள் என்று இருந்ததால், அந்த நெருக்கடி இதைத் தின்றுவிடவில்லை. அதே சமயம் ஒரே இயக்குநர் என்பதால், பொறியாளர் கேட்டால் அறுவை நிபுணர் வந்தே ஆக வேண்டும்.

ஆடுகளில் சோதனை முடிந்து, 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் முறையாக ஒரு மனிதருக்கு வால்வு பொருத்தப்பட்டது. அதற்கப்புறமும் அவசரப்படவில்லை. ஆறு மையங்களில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்த பிறகுதான் சந்தைக்கு வந்தது. தயாரித்தது சென்னையின் டி.டி.கே. குழுமம். ஆமாம், நம் வீட்டு பிரெஸ்டிஜ் குக்கர்காரர்கள்தான். அழுத்தத்தைத் தாங்குகிற வால்வு அவர்களுக்குப் புதிதில்லை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. முதல் வரைபடத்திலிருந்து முதல் நோயாளிக்குப் பன்னிரண்டு வருடம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மத்திய அரசு எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பார்த்தால், சட்டத்தில் எழுதி வைத்ததன் அருமை புரியும்.

சட்டம் போட்டால்தான் நடக்கும் என்றால் நமக்கெல்லாம் வழியில்லை. சட்டம் எதுவும் இல்லாமல் நடந்த ஊர் மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை இங்கே பலருக்குத் தெரியும், அதனால் முழுக்கச் சொல்லப் போவதில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு தொடங்கினார். கோவெல் டிரஸ்ட் என்று ஒரு அறக்கட்டளை. கூடவே தங்கை, தங்கையின் கணவர் என்று டாக்டர் குடும்பம். நான் சொல்ல வருவது இந்த அமைப்பில் உள்ள ஒரு அம்சத்தை மட்டும். முடிவெடுக்கிறவர்கள் காலையில் தியேட்டரில் நிற்கிறார்கள். நான் முதலில் சொன்னதும் டிரஸ்ட்தான், இதுவும் டிரஸ்ட்தான். அங்கே உறுப்பினர்கள் வார்டுக்கு வருவது ஆண்டு விழாவன்று. இங்கே வார்டிலிருந்து எழுந்துதான் மீட்டிங்குக்கே போகிறார்கள். இன்னொன்று, காசு கொடுக்கும் நோயாளிகளின் வருமானத்திலிருந்தே இலவச நோயாளிகளின் செலவும் நடக்கிறது. அன்றாடச் செலவுக்கு நன்கொடையை எதிர்பார்ப்பதில்லை. ஆகையால் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வெளியே யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அது எங்கே கை கொடுத்தது என்றால், லென்ஸ் விஷயத்தில். பழைய முறையில் கண்புரை எடுத்தால் சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டுக் கொள்ள வேண்டும். நம் பாட்டிமார்களிடம் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தபோது ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கு இது சரிப்படாது, பழைய முறையே போதும் என்று பெரிய இடங்களிலிருந்து அறிவுரை வந்தது. அரவிந்த் கேட்கவில்லை. 1992-ல் ஔரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, வெளிநாட்டு நண்பர்களின் உதவியோடு லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்து, அப்புறம் அதற்கும் கீழே இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இதில் நிர்வாகப் பாடம் என்னவென்றால், தொழிற்கூடத்தை ஆஸ்பத்திரியின் ஒரு டிபார்ட்மென்டாக வைக்காமல் தனி அறக்கட்டளையாக வைத்தார்கள். லாபத்துக்கு அல்ல, ஆனால் கணக்கு தனி. வெளியே விற்றுத்தான் தன் காலில் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்திருந்தால் தரம் குறைந்தாலும் 'நம்ம சரக்கு' என்று ஓட்டியிருக்கலாம்.

இன்னொரு உதாரணம் எனக்கு இதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அதில் இயந்திரமே இல்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அபூர்வம், ஆனால் பிடித்தால் பார்வையே போகலாம். ஆபரேஷன் முடிகிற நேரத்தில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். இதற்கென்றே அனுமதி பெற்ற தயாரிப்பு அப்போது அமெரிக்காவில் கூட இல்லை. 2017-ல் வந்த அவர்களுடைய ஆய்வில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் கணக்கு இருக்கிறது. மருந்து கொடுக்காதவர்களில் 0.07 சதவீதம், கொடுத்தவர்களில் 0.02 சதவீதம். பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்தது இரண்டு பேருக்கு என்று குறைந்தது. இவ்வளவு அபூர்வமான ஒன்றைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கில் எண்ணிக்கை வேண்டும். எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரிப் பதிவு வேண்டும். கெட்ட செய்தியை மறைக்காமல் எழுதுகிற பழக்கம் வேண்டும். இது மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பிடிவாதமாக இருந்தால்தான் கீழே நடக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். குடும்பம் நடத்துகிற டிரஸ்ட் எல்லாம் அரவிந்த் ஆகி விடாது. அங்கே குடும்பம் அப்படி அமைந்தது. மனிதர்களின் குணத்தை நம்பி நிற்கிற ஏற்பாட்டை அப்படியே இன்னொரு ஊருக்குக் கொண்டு போக முடியாது. இந்த விதத்தில் எனக்குச் சித்ராவின் வழிதான் பலமானதாகப் படுகிறது.

'அரசு ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் பொருந்துமா?' என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் என் மதிப்பில் பெரிய புதுமை ஒரு பாஸ்புக். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்தார்கள், 1995-ல் அது வேலையைத் தொடங்கியது. மருந்துக்கு ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் எழுதியிருக்கும் தொகைக்குள் தனக்கு என்ன வேண்டுமோ அதைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொள்ளலாம். சென்னையிலிருந்து கட்டாயமாக அனுப்பி வைத்த, யாருக்கும் வேண்டாத மருந்து அலமாரியில் காலாவதியாகக் காத்திருக்கும் நிலை குறைந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. தெரிந்த பொருளை மலிவாக, நேரத்துக்கு வாங்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் தெரியாத பொருளுக்கு? டெண்டர் என்பதே போட்டியாளர்கள் பலர் இருப்பதாக வைத்துக் கொண்டு எழுதப்பட்ட விதி. புதுப் பொருளைச் செய்கிறவன் ஒருத்தன்தான் இருப்பான், அவனுக்கு மூன்று வருட விற்பனைக் கணக்கும் இருக்காது. திருட்டைத் தடுக்கப் போட்ட வேலி, கன்றுக்குட்டியையும் வெளியே நிறுத்திவிடுகிறது. வேலியைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு சின்னப் படல் வைக்கலாம் என்கிறேன்.

இதுவரை கேட்டவர்கள், 'அப்படியானால் கமிட்டியே வேண்டாம், டாக்டரும் பொறியாளரும் நினைத்ததைச் செய்யட்டும்' என்று முடிவு கட்டி விடக் கூடாது. அதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள ராயல் இன்ஃபர்மரியில் 1984 முதல் 1995 வரை குழந்தைகளுக்கு நடந்த இதய அறுவைகளைப் பற்றிப் பெரிய விசாரணை நடந்தது. பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில், 2001-ல் அறிக்கை. இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்களை இடம் மாற்றும் புதிய அறுவை முறையையும் அங்கே கொண்டு வந்தார்கள். மற்ற ஊர்களில் கைகூடிய முறை இங்கே கைகூடவில்லை. ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து டாக்டர் கணக்கெடுத்துப் பார்த்து, குழந்தைகள் அளவுக்கு மீறி இறக்கின்றன என்று சொல்லிக் கொண்டே இருந்தார். கேட்பதற்கென்று பொறுப்புள்ள ஆள் இல்லை. அறுவை நிபுணர்களில் ஒருவர் நிர்வாகத்தில் மேல் பொறுப்பில் இருந்தார், தலைமை நிர்வாகியும் டாக்டர்தான். வேண்டியவர்கள் வேண்டியவர்களைக் காப்பாற்றும் ஒரு கிளப் மாதிரி இருந்தது என்று அறிக்கை சொன்னது. 1995 ஜனவரியில், வேண்டாம் என்று சக டாக்டர்கள் சொன்ன பிறகும் ஒரு சின்னக் குழந்தைக்கு அந்த அறுவை நடந்தது. குழந்தை பிழைக்கவில்லை. 1991-க்கும் 1995-க்கும் இடையில் மட்டும், வேறு சராசரி மையத்தில் இறந்திருக்கக் கூடியதைவிட 30 முதல் 35 பச்சிளங் குழந்தைகள் கூடுதலாக இறந்தன என்பது விசாரணையின் கணக்கு.

அந்தப் பெற்றோர்களில் பலருக்கு, தங்கள் குழந்தையின் மீது நடப்பது கைபழகும் கட்டத்தில் இருக்கிற ஒரு முறை என்பது சரியாகச் சொல்லப்படவில்லை. நான் பொறியாளன். முதல் மாடல், இரண்டாவது மாடல் என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறவன். இந்த அறிக்கையைப் படித்த பிறகு அந்தச் சொல் அவ்வளவு லேசாக வாயில் வருவதில்லை. திருவனந்தபுரத்தில் மூன்று மாடல் தோற்றது, சோதனைக் கூடத்திலும் ஆட்டிலும். பிரிஸ்டலில் தோற்றது குழந்தைகளிடம். இரண்டு இடத்திலும் திறமைசாலிகள் இருந்தார்கள், இரண்டு இடத்திலும் நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஓரிடத்தில் 'இன்னும் மனிதருக்குப் போகக் கூடாது' என்று நிறுத்த வழி இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை.

தம்பி தங்கைகளுக்கு இப்போது. உங்களில் பாதிப் பேர் இந்த வருடம் ஏதோ ஒரு மருத்துவக் கருவியைப் புராஜெக்டாக எடுத்திருப்பீர்கள். எங்கள் காலத்தைவிட இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. மருத்துவக் கருவி விதிகள் 2017-ல் வந்து 2018-ல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. நெறிமுறைக் குழு இல்லாமல் நோயாளியிடம் எதையும் சோதிக்க முடியாது. இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு சிஸ்டர் பக்கத்தில் ஒரு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்து வாருங்கள். கருவி கெட்டுப் போனால் யாருக்கு எழுதுவார், யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டு, அந்தப் பதிலைப் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமாகவே எழுதுங்கள். துறைத்தலைவர் ஐயா முன் வரிசையிலேயே இருக்கிறார், அதற்கு மதிப்பெண் உண்டா என்று அவரிடமே கேட்டுக் கொள்ளுங்கள்.

மூத்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியில் படித்துத் தொழில் நடத்துகிற பலர், சொந்த ஊரில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி டிரஸ்டில் உறுப்பினராக இருக்கிறீர்கள். நன்கொடை கொடுத்திருப்பீர்கள், அதனால் மரியாதைக்குச் சேர்த்திருப்பார்கள். மீட்டிங்குக்குப் போவீர்கள், கட்டடத்துக்கு ஒப்புதல் கொடுப்பீர்கள், காபி குடித்துவிட்டு வருவீர்கள். அடுத்த மீட்டிங்கில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு சிறிய தொகையை, தோற்றாலும் பரவாயில்லை என்ற கணக்கில் தனியாக எழுதி வையுங்கள். வார்டில் புதிதாக ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் 'சரி' சொல்லவும் நிறுத்தவும் பெயர் குறிப்பிட்டு ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். கேட்டவனுக்கு முப்பது நாளில் பதில் போக வேண்டும், மறுப்பாக இருந்தால் காரணத்தோடு. நடக்கிற சோதனையில் நல்லது எத்தனை, கெட்டது எத்தனை என்ற தாளை மீட்டிங்கில் முதல் பொருளாக வையுங்கள், லிஃப்டுக்கு முன்னால். அந்தத் தாளை வாசிக்க சூப்பரின்டென்டன்டைக் கூப்பிட வேண்டாம், வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

அந்தத் தீர்மானத்தை ஒரு பக்கத்தில் எழுதி, இருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். பந்தி போடுவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருப்பதாகச் செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார். டிரஸ்டில் இருப்பவர்கள் மேடைக்கு வலது பக்கம் வந்து என்னிடம் வாங்கிக் கொள்ளலாம். கேள்வி கேட்க விரும்பும் மாணவர்களும் அங்கேயே வாருங்கள்.